புத்தகம் இல்லாத எஞ்சின்

2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது என் தங்கையின் மகன் முகம் வாடியவனாக வீட்டுக்கு வந்தான். என்னிடம் இருபது வருடங்களாக நின்று உழைத்த ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளின் எஞ்சின் எண்ணெய் வற்றிப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பதிலாகப் பாவித்த எஞ்சின் ஒன்றை இணையச் சந்தையில் தேடித் தருவதாக அவன் பொறுப்பேற்றிருந்தான். தேடியும் பிடித்தான். ஜப்பானிலிருந்து இறக்கியது, கழற்றாதது, விலையோ ஊரில் கேட்கும் விலையில் ஏறக்குறையப் பாதி. விற்பவர் தொலைபேசியில் மிகவும் பண்பாகப் பேசியிருக்கிறார். வேறு இருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், 20,000 ரூபா முற்பணத்தை வங்கியில் போட்டுவிட்டால் இரவு பஸ்ஸிலேயே கொழும்பிலிருந்து ஏற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார். பணம் போயிற்று. பஸ் வந்தது. எஞ்சின் வரவில்லை. தொலைபேசியும் அன்றோடு அடங்கிவிட்டது.

"மாமா, எஞ்சின் இலக்கம் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டனான். அனுப்புறன் எண்டுதான் சொன்னவர்" என்றான்.

விளம்பரத்தில் இருந்த படத்தை அவன் எனக்குக் காட்டினான். எஞ்சினின் இடப்பக்கக் கீழ்ப்பகுதி, அதாவது இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும் அந்த இடம், படத்தின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. பின்னர் தேடிப் பார்த்தபோது அதே படம் இரண்டு வருடங்களுக்கு முன்னர் வேறொருவர் போட்ட விளம்பரத்திலும் இருந்தது. படமே களவு எடுத்த படம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். அதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. ஆனால் எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அந்தச் சிறிய வரியைப் பற்றி அவன் அன்று கேட்ட கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் பகுதியில் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் கதையை எடுத்தால் அதற்குள் யுத்தம் வரும், பொருளாதாரத் தடை வரும், இடப்பெயர்வு வரும். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாவித்த எஞ்சினை வாங்குவது ஏதோ வறியவர்களின் வேலை என்று எண்ணுபவர்கள் ஹொண்டா நிறுவனத்தின் தொடக்கத்தை அறிந்திருப்பது நல்லது. 1946 இல், யுத்தத்தில் தோற்றுச் சாம்பலாகிக் கிடந்த ஜப்பானில், ஹமமற்சு நகரில் இருந்த சொய்சிரோ ஹொண்டா என்ற இயந்திரவியலாளரின் கண்ணில் ஒரு சிறிய எஞ்சின் பட்டது. இராணுவத்தின் வானொலித் தொடர்புக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. இராணுவம் இல்லாமற் போனபின் யாருக்கும் வேண்டாத பொருளாக அது மிஞ்சிக் கிடந்தது. அவ்வாறு மிஞ்சியவற்றை வாங்கிச் சாதாரண துவிச்சக்கர வண்டிகளில் பூட்டி விற்றார் ஹொண்டா. முதலில் பூட்டிய வண்டிக்கு எரிபொருள் தாங்கியாக அமைந்தது குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கப் பாவிக்கும் வெந்நீர்க் கலம். பெற்றோல் பங்கீட்டில் இருந்த காலம் ஆகையால் பைன் மரத்திலிருந்து எடுத்த எண்ணெயைப் பெற்றோலுடன் கலந்து ஓட்டினார்கள். ஏறக்குறைய 500 எஞ்சின்கள் விற்றுத் தீர்ந்தபின்னரே, 1947 இல், சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார். கம்பனி பதிவானது 1948 இல். உலகின் மிகப்பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தி நிறுவனம் பழைய எஞ்சின் வியாபாரத்தில்தான் பிறந்தது எனலாம்.

இங்கிலாந்தின் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. எங்கள் தந்தையார் காலத்து இலங்கையில் பெயர்பெற்ற பீ.எஸ்.ஏ. பன்ரம் 1948 இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனியின் ஆர்.ரி. 125 என்ற வண்டியின் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டது. யுத்த இழப்பீடாக அந்த வரைபடத்தைப் பெற்ற பிரித்தானியரும் சோவியத் நாட்டவரும் அமெரிக்கரும் ஆளுக்கொரு வண்டி செய்தார்கள். யமஹா 1955 இல் செய்த முதல் வண்டியும் அதைப் பார்த்துச் செய்ததே. எஞ்சின்கள் கைமாறுவதற்கு யுத்தம் எப்போதும் ஒரு தரகராக நின்றிருக்கிறது.

இலங்கையில் ஒரு மோட்டார் வாகனத்துக்கு மூன்று இலக்கங்கள். தகட்டில் எழுதும் பதிவிலக்கம், சட்டகத்தில் பொறித்த செசி இலக்கம், எஞ்சினில் பொறித்த எஞ்சின் இலக்கம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றுவரை திருத்தங்களோடு நடைமுறையில் இருப்பது. இம்மூன்றும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அதையே நாம் 'புத்தகம்' என்கிறோம். இம்மூன்றில் முதலாவதைப் பற்றித்தான் எங்கள் அரசியல்வாதிகள் கவலைப்பட்டார்கள். 1957 இல் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்ததும், 1958 இல் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்த இ.போ.ச. பஸ்களில் தார் பூசியதும், அதன் எதிரொலியாகத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் அழிக்கப்பட்டதும், அவ்வருடக் கலவரமும் வரலாறு. தகடு இரண்டு ஆணியோடு கழன்றுவிடும் பொருள். எஞ்சினில் பொறித்த இலக்கத்துக்கு மொழியும் இல்லை, கழற்றவும் முடியாது. அதைப் பற்றி யாரும் தார்ச்சட்டி தூக்கவில்லை.

1970 முதல் 1977 வரை இருந்த அரசின் காலத்தில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. இருந்த வண்டியை வைத்தே ஓடவேண்டும் என்ற நிலை. பழைய பிரித்தானிய வண்டிகளைத் திருத்தித் திருத்தியே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கைதேர்ந்தார்கள். 1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு சந்தையைத் திறந்துவிட்டதும் ஜப்பானில் பாவித்துக் கழித்த வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றுக்கு 'ரீகொண்டிஷன்' என்று ஒரு மரியாதைப் பெயர். யாழ்ப்பாணத்தில் சி. 50, சி. 70, பெண்பிள்ளைகளும் ஆசிரியைமாரும் விரும்பிய சாளி, இளைஞர்கள் கண்வைத்த சி.டி. 125, இவற்றோடு எம்.டி. 90. எம்.டி. 90 ஜப்பானியத் தபாற்காரருக்கென்றே செய்யப்பட்ட சிவப்பு வண்டி. தினமும் வாசலுக்கு வாசல் நின்று புறப்படும் வண்டிக்கு வேண்டிய உறுதி அதற்கு இருந்தது. சைக்கிளில் இருந்து மோட்டார் சைக்கிளுக்கு ஏறிய எங்கள் ஊர் விவசாயிக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. முன்னால் ஒரு சிப்பம் வெங்காயம், பின்னால் மனைவி, இடையில் ஒரு பிள்ளை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல் இருந்தது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். பின்னர் ஒரு நாளிதழில் பயிலுநராகச் சேர்ந்தேன். பள்ளிப்பிள்ளைகளின் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். கோடுபோட்ட தாளில் போர்ச்செய்தி வாசித்த மக்கள் உலகத்தில் வேறெங்கும் இருந்தார்களோ நானறியேன்.

மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைத்ததில்லை என்றாலும் பெற்றோலைவிடக் கிடைத்தது. பெற்றோல் ஒரு போத்தலுக்குக் கொழும்பு விலையின் பல மடங்கு கொடுக்கவேண்டியிருந்தது. ஆகையால் பெற்றோல் மருந்தாகிவிட்டது. சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் வைத்திருப்பார்கள். காபரேற்றரின் வாயில் அதைப் பீச்சி உதைத்தால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். சற்றுச் சூடேறியதும் மண்ணெண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். வழியில் நின்றுவிட்டால் மறுபடியும் மருந்து கொடுக்கவேண்டும். தெருவெல்லாம் வெண்புகை. கண் எரியும். சட்டையை எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த மணம் போகாது. காதலர் சந்திப்புகளிலும் திருமண வீடுகளிலும் கூட அந்த மணம்தான்.

இதன் விலையை எஞ்சின்தான் கொடுத்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. அரைகுறையாக எரிந்த எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் நீராகிவிடும். நீரான ஒயில் போலியையும் பெயாரிங்கையும் காப்பாற்றாது. போதாததற்கு, உயர்ந்த கொம்பிரசனில் மண்ணெண்ணெய் நேரம் தப்பி வெடிப்பதால் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். எங்கள் ஒழுங்கைக்கு அருகில் கராச் வைத்திருந்த ஒரு அண்ணை சிலிண்டரின் அடியில் தடித்த பக்கிங் வெட்டிப்போட்டுக் கொம்பிரசனைக் குறைத்துவிடுவார். இழுவை குறையும். ஆனால் எஞ்சின் இன்னும் சில மாதங்கள் உயிரோடு இருக்கும். பொறியியல் பீடத்தில் படிப்பிக்கவேண்டிய பாடத்தை அவர் எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு செய்தார்.

இப்படி எஞ்சின்கள் தேய்ந்து விழ, 'எஞ்சின் மட்டும் தேவை', 'எஞ்சின் மட்டும் விற்பனைக்கு' என்ற வரி விளம்பரங்கள் பெருகின. பயிலுநராக இருந்த எனக்கு அந்த விளம்பரங்களை எழுதி எடுக்கும் வேலையும் சில நாட்களில் கிடைக்கும். விளம்பரம் தருபவர் நேரில் வரவேண்டும், பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். விளம்பரப் பகுதியில் இருந்த முதியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஆளை ஒருமுறை பார்த்து, "தம்பி, உதுக்குப் புத்தகம் இருக்கோ?" என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆள் கண்ணைத் தாழ்த்தினால் அந்த விளம்பரம் 'இடமில்லை' என்ற காரணத்தால் வெளிவராது. இன்றைய இணையச் சந்தைகளில் எல்லா வசதியும் இருக்கின்றது. அந்த மூக்குக் கண்ணாடிதான் இல்லை.

அதற்காக அந்தக் காலம் நேர்மையான காலம் என்று சொல்ல வரவில்லை. எண்பதுகளிலேயே இயக்கங்கள் கேட்டு வாங்கிய வண்டிகளும் கேளாமல் எடுத்த வண்டிகளும் ஏராளம். அவற்றில் பல உதிரிகளாகிச் சந்தைக்கு வந்தன. அரத்தால் தேய்த்து வேறு இலக்கம் குத்திய எஞ்சின்களை நான் அப்போதே பார்த்திருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. என் தகப்பனாரிடம் ஒரு ஹொண்டா சி. 50 இருந்தது. எண்ணெய் இல்லை. பெட்டிகளை ஏற்றிக் கட்டி, நானும் அவரும் விடியும்வரை அதை உருட்டிச் சென்றோம். சனநெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு நூறு யார் கூட நகர முடியவில்லை. மீசாலையில் உறவினர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் வண்டியை விட்டுவிட்டுக் கிளாலியால் வன்னிக்குப் போனோம். புத்தகம் மட்டும் அம்மாவின் காணி உறுதிகளோடு ஒரே பொலித்தீன் பையில் எங்களோடு வந்தது. நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பியபோது கொட்டில் இருந்தது. வண்டி இல்லை.

1998 இல் ஒருநாள் நகரத்தில் ஒரு கடை வாசலில் சி. 50 ஒன்று நின்றது. வேறு நிறம், வேறு இலக்கத் தகடு. ஆனால் முன் காப்பில் எங்கள் அண்ணை ஒட்டிய பித்தளை ஒட்டு. குனிந்து எஞ்சினின் இடப்பக்கக் கீழ் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தேன். C50E என்று தொடங்கும் ஹொண்டாவின் இலக்கம் தமிழில் சி 50 ஈ என்று என் தகப்பனார் வாயால் மனப்பாடமாகச் சொல்லும் அதே இலக்கம். வண்டிக்காரர் கடையிலிருந்து வெளியே வந்தார். மூன்று பிள்ளைகளின் தகப்பன், பலாலிப் பக்கத்திலிருந்து 1990 இலேயே இடம்பெயர்ந்தவர். மனைவியின் ஒரு சோடிக் காப்பை விற்று, யாரோ ஒருவரிடம், புத்தகம் பிறகு தருவதாகச் சொன்னதை நம்பி வாங்கியிருந்தார். தகடு வேறொரு வண்டியுடையது. ஒவ்வொரு காவலரணிலும் உயிர் போய் வருகிறது என்றார். அந்தக் காலத்தில் அது வெறும் பேச்சல்ல. புத்தகத்தில் உள்ள இலக்கமும் எஞ்சினில் உள்ள இலக்கமும் பொருந்தாவிட்டால் வண்டியை மட்டும் பிடித்துவைக்கமாட்டார்கள். ஆளையும் வைத்துக்கொள்வார்கள். போன ஆள் திரும்பாத வீடுகள் அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன.

வண்டியைக் கொண்டுவந்து தருகிறேன் என்று அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் தகப்பனார் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அம்மாவிடம் பொலித்தீன் பையை எடுத்துவரச் சொன்னார்.

"சைக்கிள் இவரிட்டை இருக்கு. புத்தகம் எங்களிட்டை இருக்கு. ரண்டும் ஒரு இடத்திலை இருக்கவேணும்" என்றார். உரிமை மாற்றும் பத்திரத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. எனக்கு அன்று கோபம். பத்திரிகைச் சம்பளத்தில் எனக்கு ஒரு வண்டி வாங்க 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. கொழும்பு மருதானைக்கு அருகில் உள்ள பஞ்சிகாவத்தை எங்கள் மெக்கானிக்குகளுக்கு யாத்திரைத் தலமாயிற்று. தெரு நீளத்துக்கு உதிரிப்பாகம். காலையில் களவுபோன பக்கக் கண்ணாடியை மத்தியானம் அங்கே போய் உரியவரே விலைகொடுத்து வாங்கலாம் என்பது கொழும்பாரின் பழைய பகிடி. ஆனாலும் அங்கே கடை இருந்தது, முகம் இருந்தது, திரும்பிப்போய்ச் சண்டை பிடிக்க ஒரு படி இருந்தது. 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது முள்ளிவாய்க்கால் மணலில் விடப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்களின் குவியலைப் படங்களில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவற்றின் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேரிடம் புத்தகம் இல்லை. எத்தனையோ புத்தகங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை.

பிறகு சந்தை கைத்தொலைபேசிக்குள் வந்தது. இக்மன் இணையத்தளம் 2012 இல் தொடங்கியது. பின்னர் முகநூலின் சந்தையும் சேர்ந்துகொண்டது. 2020 இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நாடு முழுவதும் எங்கள் 1990 ஐப்போல, இருப்பதைத் திருத்தி ஓடிய வருடங்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகளின் பின் 'கியூ.ஆர்.' முறை வந்தபோது, அதற்குப் பதிவுசெய்யச் செசி இலக்கம் கேட்டார்கள். வாழ்நாளில் முதற்தடவையாகத் தங்கள் வண்டியின் அடியில் குனிந்து இலக்கம் தேடிய தென்னிலங்கை நண்பர்களைத் தொலைபேசியில் கேட்டு நான் சிரித்ததுண்டு. காவலரண் காலத்து யாழ்ப்பாணத்தானுக்கு அது தன் அடையாள அட்டை இலக்கத்தைப்போல் நெட்டுரு.

எனவே மருமகனிடம் சொன்னேன்: இனிமேல் படத்துக்குக் காசு கொடுப்பதில்லை, எஞ்சினுக்குத்தான் காசு. கையால் தொட்டபின். படத்தில் இலக்கத்தை மறைப்பவர் எல்லோரும் கள்வர் அல்லர். வெளியே தெரிந்த இலக்கத்தை வேறொருவர் திருட்டு வண்டியில் குத்திவிடுவார் என்ற பயம் நியாயமானதே. ஆனால் நேரில் போகும்போது காட்டமாட்டேன் என்பவரிடம் தேநீர் கூடக் குடிக்கக்கூடாது.

முதலில் வவுனியாவில் ஒன்றைப் பார்த்தோம். எஞ்சின் நிலத்தில் ஒரு சாக்கின்மேல் இருந்தது. வெளியே பளபளவென்று வெள்ளிப்பூச்சு. மூட்டுகளில் புதிய சிலிக்கன் பசை பிதுங்கிக்கொண்டிருந்தது. திருகாணித் தலைகள் உருண்டிருந்தன. கழற்றாத எஞ்சின் என்று விளம்பரம் சொன்னது. கூட வந்த எங்கள் மெக்கானிக் ஒன்றும் பேசாமல் இலக்கம் உள்ள இடத்தில் ஒரு துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தார். வார்ப்பு உலோகத்தின் இயல்பான சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் இல்லை. மழமழவென்று தேய்ந்து, நடுவில் சற்றுக் குழிந்திருந்தது. அதன்மேல் குத்தப்பட்டிருந்த இலக்கங்கள் மேலும் கீழுமாக, கிண்டர்கார்டன் பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றன. விலை நல்ல விலை. நாங்கள் நன்றி சொல்லி எழுந்து வந்துவிட்டோம். களவுப் பொருளைத் தெரிந்துகொண்டு வாங்குவதும் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். அதைவிட, அந்தத் தேய்த்த இடத்தில் யாருடைய தகப்பன் மனப்பாடமாகச் சொல்லிய இலக்கம் இருந்ததோ என்ற நினைப்பு எனக்கு.

இரண்டாவது, குருநாகல் பக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சட்டகம் துருவேறி உக்கிவிட்டது, எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். வண்டியிலிருந்து கழற்றவேண்டாம், நாங்கள் வரும்வரை உதைக்கவும் வேண்டாம் என்று தொலைபேசியில் என் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டேன். போனவுடன் மெக்கானிக் செய்த முதல் வேலை எஞ்சினில் உள்ளங்கையை வைத்ததுதான். "குளிர்ந்துதான் கிடக்கு" என்றார். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் எந்த நோயையும் மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சின் இரண்டாவது உதையில் பிடித்தது. புகைக்குழாய் வாயில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்தார். ஒயில் துளிகள் இல்லை. நீலப்புகை வந்தால் வளையமோ வால்வு சீலோ தேய்ந்து ஒயில் எரிகிறது என்று அர்த்தம். பிறகு நிறுத்தி, அடியில் உள்ள ஆணியைக் கழற்றிக் கொஞ்ச ஒயிலை ஒரு கோப்பையில் எடுத்து வெயிலில் பிடித்தார். மினுமினுப்பு இருந்தால் உள்ளே உலோகம் உதிர்கிறது. பாலாடைபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. (2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் எஞ்சின்கள் கழுவித் துடைக்கப்பட்டு விளம்பரத்துக்கு வரும். இனி வாங்குபவர்கள் அந்தக் கோப்பையை மறக்காதிருப்பது நல்லது.) பிளக்கைக் கழற்றி மானி பூட்டிக் கொம்பிரசன் பார்த்தார். சற்றுக் குறைவாகக் காட்டியது. அந்தத் துளையால் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி உதைத்தார். மானி ஏறியது. "வளையம் கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு, வால்வு நல்லம். வளையம் மாத்தலாம்" என்றார். ஒயில் விட்டும் ஏறாதிருந்தால் வால்வில் குறை என்று பொருள். அது செலவான வேலை. கடைசியாக ஒவ்வொரு கியராகப் போட்டுச் சங்கிலிப் பற்சக்கரத்தைக் கையால் சுற்றினார். எஞ்சினைச் சட்டகத்தில் பிடிக்கும் காதுகளில் வெடிப்போ ஒட்டோ உண்டா என்று விரலால் தடவினார்.

இலக்கம் எண்ணெய் அழுக்குக்குள் பத்திரமாக இருந்தது. MD90E என்று தொடங்கும் அந்த வரியை நான் வாசிக்க, ஆசிரியர் தன் புத்தகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொன்னார். பொருந்தியது. வண்டியின் மேல் நிதி நிறுவனத்தின் உரிமை எதுவும் பதிவாகி இல்லை என்பதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணைய வசதியில் முதல்நாளே மருமகன் பார்த்துவைத்திருந்தான். லீசிங்கில் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஓட்டுபவருடையது அல்லவே. விற்பனைக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, புத்தகத்தின் பிரதி, சட்டகம் கழிக்கப்படுவதாக ஒரு குறிப்பு எல்லாவற்றிலும் ஆசிரியர் கையொப்பமிட்டார். எஞ்சினை மாற்றினால் அதைத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் மாற்றிக்கொள்ளவேண்டும். எங்கிருந்து வந்த எஞ்சின் என்று கேட்டால் காட்ட இந்தப் பத்திரங்கள் வேண்டும். வேலை சற்று இழுபட்டது. முடிந்தது.

என் பழைய எஞ்சின் பல மாதங்கள் விறாந்தையில் கிடந்தது. சென்ற வருடம் மருமகன் அதை விற்கலாம் என்றான். விளம்பரத்தை நானே எழுதினேன்: எம்.டி. 90 எஞ்சின், ஒயில் இல்லாமல் ஓடிப் பிடித்தது, பிஸ்ரனும் சிலிண்டரும் பழுது, கியர்ப்பகுதி நல்லது, பத்திரம் உண்டு. அச்சுவேலியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கியர்ப்பெட்டிக்காக வேண்டுமாம். விலை பேசுவதற்கு முன்னர், ஓடவே முடியாத அந்த எஞ்சினின்மேல் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து இடப்பக்கத்தைத் துடைத்து இலக்கத்தை வாசித்தார். நான் உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்தேன்.